குபுகுபு பாட்டில்

சுமதி,

ஆறு மாசமா உனக்குப் பதில் போடல, திட்டெல்லாம் சேத்து வச்சிக்கோ, நேர்ல வாங்கிக்கறேன். அம்மா சௌக்கியம், முட்டி வலி அப்படியேதான். விஷயம் வேற. நம்ம வாலுக்குக் குழந்தை பொறந்துடுச்சுடி, 28 வாரத்துலயே. பையன், 1 கிலோ 50 கிராம்.

பொறந்ததும் ட்யூப், வென்டிலேட்டர். நாலாம் நாள் எடுத்தாங்க, மறுநாளே மூச்சு தடுமாறி திரும்ப ட்யூப். வால் அன்னிக்கு அழவே இல்ல, அதுதான் எனக்கு பயமாயிடுச்சு. மிஷின்ல ரொம்ப நாள் வச்சா பிஞ்சு நுரையீரல் கெட்டுப்போயிடுமாம், அதனால எடுத்தும் ஆகணும், எடுத்தா தாங்குவானான்னும் தெரியாது.

முந்தாநாள் மறுபடி எடுத்துட்டு பப்பிள் சிபாப் போட்டிருக்காங்க. மூக்குல ரெண்டு குட்டிக் குழாய், சூடா ஈரமா காத்து வருது, வெளிய போற குழாயோட நுனி ஒரு தண்ணி பாட்டில்ல 5 சென்டிமீட்டர் முங்கியிருக்கு, குபுகுபுன்னு குமிழி வருது, அவ்ளோதான். அந்த ஆழம்தான் அழுத்தம், அவன் மூச்சை விட்டப்புறமும் நுரையீரல் சுருங்கி ஒட்டிக்காம தாங்கிப் பிடிக்குது, ஆனா மூச்சு இழுக்கறது அவனேதான். நம்ம பிசிக்ஸ் மேடம் இதைக் காட்டியிருந்தா நான் ஏன்டி அரியர் வைக்கப்போறேன்?

டெய்லி கஃபீன் வேற, காபில இருக்கற அதேதான். குறைமாசக் குழந்தைங்க நடுவுல மூச்சு விடவே மறந்துடுமாம், அதுக்கு. உன் வாரிசுதான், சந்தேகமே இல்ல.

ராத்திரி தூக்கம் வராம போன்ல படிச்சேன், படிச்சிருக்கக்கூடாது. 1963ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடி பையன், அஞ்சரை வாரம்தான் முந்திப் பொறந்தவன், எடை நம்மாளைவிட டபுள், மூச்சுத் திணறி ரெண்டு நாள்கூடத் தாங்கலடி. 1971லதான் சான்பிரான்சிஸ்கோ டாக்டர் கிரிகரி இப்படி விடாம அழுத்தம் குடுத்து 20 குழந்தைல 16 பேர் பொழைச்சதா எழுதினாராம். அந்த மிச்சம் நாலுல போய் என் மனசு நிக்குது, என்ன பண்ண.

நேத்து ராத்திரி திடீர்னு குபுகுபு சத்தம் நின்னுச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு. நர்ஸக்கா நிதானமா வந்து, காத்து லீக்காகுது அவ்ளோதான்னு மூக்குக் குழாயை சரி பண்ணி, தொறந்திருந்த வாயை மெதுவா மூடினாங்க, திரும்ப குபுகுபு. மூக்கு மட்டும் செவந்து கெடக்கு, பாவம்.

பூ பழமெல்லாம் தூக்கிட்டு வராத, உள்ள விடமாட்டாங்க. முன்பக்கம் பட்டன் வச்ச நைட்டி ரெண்டு வாங்கிட்டு வா. நாளைலருந்து வால் அவனை நெஞ்சுமேல போட்டுக்கலாமாம், குழாயோடயே.

உன்
குண்டூசி