பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

போன வாரம் மகளைக் கூட்டிப்போக வந்த ஓர் அப்பா, மாடியில் நடந்துகொண்டிருந்த ஒத்திகையைப் பள்ளி வாசலில் நின்று கால் மணி நேரம் கேட்டார். அப்புறம் என்னிடம் வந்து, "சார், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். அதுவரை அவர் கேட்டதுதான் பாட்டு என்று சொன்னேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. இதையே மனதுக்குள் கேட்டுக்கொண்டு, வாத்தியாரிடம் எப்படிக் கேட்பது என்று போனவர்கள் இன்னும் பத்துப் பேராவது இருப்பீர்கள். அதனால்தான் வழக்கமான அரைப்பக்கச் சுற்றறிக்கையை விட்டுவிட்டு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் விவரம். இந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு, பள்ளி மைதானத்தில், ஜாஸ் என்ற அமெரிக்க இசையை வாசிக்கும் நம் குழுவின் முதல் நிகழ்ச்சி. எட்டாம் வகுப்பு முதல் பதினொன்று வரை படிக்கும் 14 பிள்ளைகள் வாசிக்கிறார்கள். எல்லா உருப்படிகளும் கடலைப் பற்றியவை. ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்த காரணம் தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நாட்களில் விடியுமுன் கடலுக்குப் போய் இருட்டியபின் கரை பிடிப்பவர்களை மாலை ஐந்து மணிக்கு நாற்காலியில் வந்து உட்காரச் சொன்னால் நடக்கிற காரியமா?

இந்தக் குழு உருவானதில் எனக்குப் பெரிய பங்கு இல்லை. தடுத்ததில்தான் பங்கு. நம் பள்ளி பேண்டு செட்டு சுதந்திர தினத்துக்கும் விளையாட்டு விழாவுக்கும் வெளியே வரும், மீதி நாளெல்லாம் இரும்பு பீரோவில் கிடக்கும். நம் ஊர்க் காற்றில் உப்பு எவ்வளவு என்பது ட்ரம்பெட்டின் வால்வைத் தொட்டால் தெரியும். ஜூன் மாதம் பீரோவைத் திறந்தபோது மூன்று வால்வில் இரண்டு அசையவே இல்லை. இந்த நிலைமையில் இசை ஆசிரியர் வந்து ஜாஸ் குழு ஆரம்பிக்கலாம் என்றார். அணிவகுப்புப் பாட்டையே ஒழுங்காக வாசிக்கவில்லை, இதில் ஜாஸ் வேறா என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் தன் போனில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். கேட்டதும் நான் சொன்னது: "இது சாவு பேண்டு மாதிரி இருக்கே."

அது கிண்டலாக வாயில் வந்தது. ஆனால் ஆசிரியர் ஆமாம் சார் என்றார். ஜாஸ் பிறந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துறைமுக நகரம். அங்கே கறுப்பின மக்களின் இறுதி ஊர்வலத்துக்கு இன்றும் பேண்டு உண்டு. கல்லறைக்குப் போகும்போது மெதுவாகத் துக்கப் பாட்டு. அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் துள்ளலாக மாறிவிடும், தெருவே பின்னால் ஆடிக்கொண்டு வரும். பேண்டு முன்னால் போக, பெட்டிக்குப் பின்னால் நடந்து பழகிய நமக்கு இதில் பாதி புரிந்துவிடும். அன்றைக்குத்தான் பீரோ சாவியைக் கொடுத்தேன்.

இனி அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஹெர்பி ஹான்காக் என்ற பியானோ கலைஞர் எழுதிய 'மெய்டன் வாயேஜ்'. நேராகத் தமிழில் சொன்னால் 'வெள்ளோட்டம்'. புதுத் தோணியை முதல்முறை தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்ப்போமே, அதுதான். 1965 மார்ச் 17 அன்று நியூ ஜெர்ஸியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐந்து பேர் சேர்ந்து அதைப் பதிவு செய்தார்கள். ஹான்காக்குக்கு அப்போது வயது 24. டிரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸுக்கு 19, போன வருடம் நம்மிடம் பிளஸ் டூ முடித்துப் போன பையன்களின் வயது. அந்த இசைத்தட்டு முழுவதுமே கடலைச் சுற்றி வருவது. அதன் முதல் உருப்படி இது.

சினிமாப் பாட்டில் பின்னால் ஒலிக்கும் சுரக்கூட்டு, அதாவது கார்டு, சட்டுச் சட்டென்று மாறும். ஒவ்வொன்றும் அடுத்ததைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு முடிவில் சேர்க்கும். நம் காது அதற்குப் பழகியது. வெள்ளோட்டத்தில் மொத்தமே நான்கு கார்டுதான். ஒவ்வொன்றும் நான்கு தாளக்கட்டு நீளத்துக்கு அப்படியே நிற்கும். அதிலும் முடிவு சொல்லும் சுரத்தை எடுத்துவிட்டு, தொங்கலாக ஒரு சுரத்தை வைத்திருக்கிறார். அடியில் டிரம்ஸும், கீழ்ச்சுரம் வாசிக்கும் பேஸும், பியானோவும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு வல்லத்தில் உட்கார்ந்திருக்கும்போது அடியில் தண்ணீர் தூக்கித் தூக்கி இறக்குமே, அந்த உணர்வு. எங்கேயோ போகப்போகிறது என்று காத்திருந்தால் கேட்டவருக்கு வந்த சந்தேகம் எல்லாருக்கும் வரும். உட்கார்ந்திருப்பதே பாட்டு என்று வைத்துக்கொண்டால் கேட்க முடியும். எனக்கு இது பிடிபட ஆகஸ்ட் ஆகிவிட்டது.

இதற்கு மேலேதான் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சொந்தமாக வாசிப்பார்கள். இன்று வாசித்தது நாளை வராது. நாதஸ்வரக்காரர் ஆலாபனையில் என்ன செய்கிறாரோ அதே வேலை. "நேத்து நல்லா வாசிச்ச, இன்னைக்கு ஏன் மாத்திட்ட?" என்று வீட்டில் கேட்கிறீர்களாம். பதினொன்றாம் வகுப்பு சாக்ஸபோன் பையன் இதைச் சொல்லி வருத்தப்பட்டான். மாற்றத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். தயவுசெய்து திட்டாதீர்கள்.

தப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹான்காக் இளைஞராக இருந்தபோது மைல்ஸ் டேவிஸ் என்ற ட்ரம்பெட் மேதையின் குழுவில் இருந்தார். ஜெர்மனியில் ஒரு கச்சேரியில், எல்லாம் உச்சத்தில் இருக்கும் நேரம், அப்பட்டமாகத் தவறான ஒரு கார்டை அழுத்திவிட்டார். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்ததாம். டேவிஸ் ஒரு கணம் நின்றார். பிறகு அந்தத் தப்பான கார்டுக்குப் பொருந்துகிற மாதிரி சில சுரங்களை வாசித்தார், தப்பு சரியாகிவிட்டது. இதை ஹான்காக்கே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நம் மாடியிலும் சென்ற செவ்வாய்க்கிழமை ட்ரம்பெட் ஒரு சுரத்தில் பிசிறி, காகம் கத்தியது போல வந்தது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் மட்டும் சிரிக்காமல், அந்தச் சுரத்தையே கீழே பிடித்து இரண்டு முறை அடித்துக் காட்டினாள். ட்ரம்பெட் பையன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டான். கணக்குப் பரீட்சையில் இந்த வசதி கிடையாது என்று அவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

மற்ற உருப்படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'டால்ஃபின் டான்ஸ்' ஹான்காக்கின் அதே தட்டில் உள்ளது. டால்ஃபின் என்றதும் புத்தகப் படத்தை நினைத்த பிள்ளைகளிடம், நம் ஓங்கல்தான் என்று சொன்னதும் வாசிப்பே மாறியது. வல்லத்துக்கு முன்னால் ஓங்கல் துள்ளுவதை அப்பாவோடு போய்ப் பார்த்தவர்கள் குழுவில் நான்கு பேர் இருக்கிறார்கள். இதில் கார்டுகள் ஓயாமல் மாறும், இன்னும் தடுமாறுகிறார்கள். 'செயின்ட் தாமஸ்' சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1956-இல் பதிவு செய்தது. கரீபியக் கடலில் உள்ள தீவின் பெயர் அது. பரங்கிமலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய அம்மா அந்தத் தீவுகளைச் சேர்ந்தவர், சின்ன வயதில் பாடிக் கேட்ட மெட்டு. உங்கள் கால் தானாக ஆடும். பிரெஞ்சுப் பாடகர் சார்ல் த்ரெனே ரயில் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே எழுதிய 'லா மேர்' என்ற பாட்டும் உண்டு. இனிமையானது. எனக்குக் கொஞ்சம் சர்க்கரை அதிகமாகத் தெரிகிறது, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது.

கடைசி உருப்படி நம்முடையது. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் அம்பாப் பாட்டு. அமெரிக்காவில் வட கரோலினா கடற்கரையிலும் கறுப்பின மீனவர்கள் இப்படித்தான் வலை இழுத்தார்கள். மென்ஹேடன் என்ற மீன் கூட்டத்தை வளைத்த பிறகு, கனத்த வலையைக் கையால் தூக்க ஒருவர் ஓரடி பாடுவார், மற்றவர்கள் பதிலடி பாடி இழுப்பார்கள். ஜாஸிலும் ட்ரம்பெட் கேட்கும், சாக்ஸபோன் பதில் சொல்லும். ஆகவே அம்பாவை இந்தக் குழுவுக்குள் கொண்டுவர நாங்கள் எதையும் வளைக்க வேண்டியிருக்கவில்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா மேடையில் எடுத்துக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். மைக் வேண்டாம் என்கிறார். பாய்மரக் காலத்திலிருந்து கடலில் கத்திப் பேசியவர், அவருக்கு வேண்டியதில்லைதான்.

நடைமுறை விஷயங்கள். கட்டணம், நன்கொடை எதுவும் இல்லை. நீல உடை தைக்க வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டீர்கள். வேண்டாம், சீருடை போதும். நிகழ்ச்சி வரை செவ்வாய், வியாழன் ஒத்திகை 6 மணிக்கு முடியும், பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப மாட்டோம், யாராவது வாருங்கள். அரசுத் தேர்வு இருப்பதால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் மட்டும். பன்னிரண்டாம் வகுப்பை இதில் சேர்க்கவே இல்லை. அன்று 4.30-க்கே வந்தால் டீயும் சுண்டலும் உண்டு. ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும், பாட்டு நடுவில் இருந்தாலும், கை தட்டலாம். ஜாஸில் அது மரியாதை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: அம்பாவில் எங்களிடம் நான்கு அடிகள்தான் இருக்கின்றன. தாத்தாவுக்கு மீதி மறந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது மேற்கொண்டு அடிகள் தெரிந்தால், ஒரு தாளில் எழுதியோ போனில் பாடிப் பதிந்தோ புதன்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். கெட்ட வார்த்தை இருந்தாலும் பரவாயில்லை, எது மேடைக்கு எது வேண்டாம் என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.