பரணில் இருக்கும் டேப்பும் நம்ம காயலாங்கடை அண்ணனும்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. உன்னிடம் ஒரு பொருளைக் கேட்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. அடுத்த முறை நீ சென்ட்ரலில் இறங்கினால் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டாம், நேரே தண்டையார்பேட்டைக்கு வந்துவிடலாம். உன் முழங்கால் வலிக்குத் தங்கச்சி சொல்வதைக் கேட்டு ஒழுங்காக டாக்டரிடம் போ.

காயலாங்கடை அண்ணனை உனக்கு மறந்திருக்காது. மூலக்கொத்தளம் பக்கம் அவர் அப்பா பழைய இரும்பு எடை போடுவார். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தராசுக்கு வந்தார். அகஸ்தியாவில் மெயின் படம் போடுவதற்கு முன்னால் அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்பட ரீல் ஓடுமே, அப்போது நாமெல்லாம் வெளியே முறுக்கு தின்றுகொண்டு நிற்போம். அண்ணன் ஒருத்தர் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்திருப்பார். அணை கட்டுவது, அம்மை ஊசி போடுவது, பீகாரில் வறட்சி, எதுவானாலும் பார்ப்பார். "பாட்டு இல்லை, பைட்டு இல்லை, அதுல என்னண்ணா இருக்கு?" என்று நீ கேட்டதும், "நெஜமான ஆளுங்கடா அது" என்று அவர் சொன்னதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தத் தியேட்டரே 2020இல் மூடிவிட்டது. ஆனால் அண்ணனுடைய மொட்டை மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு படம் ஓடுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு புரொஜெக்டர் வாங்கி வைத்திருக்கிறார். எல்லாமே ஆவணப்படங்கள்தான். போன மாதம் சத்யஜித் ராய் 1976இல் பாலசரஸ்வதி அம்மாவைப் பற்றி எடுத்த படம் போட்டார். அரை மணி நேரம்தான். கடற்கரையில் நின்று ஆடுகிறார், காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது, அந்த அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. படம் முடிந்ததும் அண்ணன் பிள்ளைகளிடம் சொன்னார்: "இவங்க பாட்டி வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணன் தெருவுலதான் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பாங்க. பெரிய பெரிய வித்வானுங்க எல்லாம் வந்து தரையில உட்கார்ந்து கேப்பாங்க. இங்கேர்ந்து சைக்கிள்ல போற தூரம்டா." நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் என்றால் மயிலாப்பூர் என்று நினைப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அவர் செய்கிற தர்மங்களில் பாதிதான் எனக்குத் தெரியும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளோடு வந்து பிளாட்பாரத்தில் படுப்பவர்களுக்குத் தினமும் இரவு சாப்பாடு. உன் அம்மா அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள், இல்லையா? 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியதிலிருந்து வந்த பெயர். "நான் புதுசா ஒண்ணும் பண்ணல, அந்தத் தொட்டியில ஒரு கரண்டி ஊத்துறேன்" என்பார். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் கட்டுகிறார்.

எனக்கு அவரோடு ஒரு சண்டை வந்தது, அதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழெட்டு வயலின் வாங்கி, வாத்தியார் வைத்து, காசிமேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அந்தக் காசுக்கு ரெண்டு பையன் பாலிடெக்னிக் முடிப்பான். வயித்துக்கு வழி பண்ணிட்டு அப்புறம் வயலின் குடுக்கலாம்" என்றேன். கோபமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மணலிக் கதையைச் சொன்னார்.

மணலி என்றால் நமக்குச் சுத்திகரிப்பு ஆலையும் லாரியும்தானே. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே முதலியார் குடும்பம் ஒன்று ராமசாமி தீட்சிதரையும் அவர் பிள்ளைகளையும் ஆதரித்து வந்தது. மூத்த பிள்ளை முத்துசாமி தீட்சிதர் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்ட் வாத்தியம் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், போட்டார். அதுதான் நோட்டு ஸ்வரம். தம்பி பாலுசாமிக்கு வயலின் மேல் ஆசை. முதலியார் காசு கொடுத்து ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்க ஏற்பாடு செய்தார். அன்றைக்கு யாராவது "வயித்துக்கு அப்புறம் வயலின்" என்று சொல்லியிருந்தால்? இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி எங்கே இருக்கிறது? பாலுசாமி இல்லாவிட்டால் வேறு ஒருவர் கொண்டுவந்திருப்பார் என்று வாதாடலாம், நானும் வாதாடினேன். "வேற ஒருத்தர் வந்திருப்பாரு. அவருக்கும் ஒருத்தர் காசு குடுத்துதானே இருக்கணும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது அந்தப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வதே நோட்டு ஸ்வரம்தான். சங்கராபரண ராகத்தில் வில்லை இழுக்கும்போது, ராயபுரம் மாதா கோயிலில் பாடுகிற பையன் ஒருத்தன், "சார், இது எங்க கொயர்ல வர்ற ஸ்கேலு" என்றான். வாத்தியார் அவனைக் கட்டிக்கொண்டார்.

ஆனால் என் மனதை நிஜமாகத் திருப்பியது வயலின் இல்லை. எண்ணூர்ப் படம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து கழிமுகத்துக்குள் வந்ததை டிவியில் பார்த்திருப்பாய். காட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கமெல்லாம் படகும் வலையும் கறுப்பாகிவிட்டன. ஆட்கள் கையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். அந்த வாடை மூக்கைவிட்டுப் போக நாளாயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் அதைப் படம் எடுக்கக் கேமரா வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் அண்ணன் செலவு. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: படத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் முதலில் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் வேறு யாரும் பார்க்கக் கூடாது.

குப்பத்தில் வலை பின்னுகிற கொட்டகையில் வெள்ளை வேட்டி கட்டிப் போட்டோம். அண்ணன் கடைசியில், மணலில் உட்கார்ந்தார். படத்தை நிறுத்தி நிறுத்தித் திருத்தினார்கள். "அது அந்த இடம் இல்லப்பா, பாலத்துக்கு அந்தாண்ட", "இறாலைக் கையால தடவித்தான் புடிப்போம், வலைன்னு சொல்றியே" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பையன்கள் எழுதிக்கொண்டார்கள். ஓரிடத்தில் ஒரு அம்மா கறுத்த வலையை மடியில் வைத்துக்கொண்டு அழுவார். படத்திலேயே அதுதான் உச்சம், பார்க்கிறவன் கண் தானாகக் கலங்கும். வெளிச்சம் போட்டதும் அந்த அம்மா எழுந்து, "நான் அழுறத எடுத்துடு சாமி. என் பேரன் பள்ளிக்கூடம் போறவன்" என்றார். பையன்களுக்கு முகம் வாடிவிட்டது. அந்தக் காட்சி இருந்தால்தான் வெளியே உதவி வரும் என்று ஒருத்தன் மெதுவாகச் சொன்னான். அண்ணன், "வராட்டிப் போவுது, நான் தரேன். எடுத்துடு" என்றார். அங்கேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வெட்டினார்கள். அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

நண்பா, 2015 வெள்ளத்தின்போது நடந்ததை உனக்கு நான் எழுதவே இல்லை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நான் பென்ஷன்காரன்தான், ஆனால் அந்த வாரம் வீட்டில் அரிசி நனைந்து போய்விட்டது. ஒரு அமைப்பு லாரியில் அரிசி கொண்டுவந்தது. உன் அண்ணியை வரிசையில் நிறுத்தி, பையைக் கையில் கொடுத்து, இன்னும் நாலு பேர் கையை அதன்மேல் வைத்து, "கேமராவைப் பாருங்கம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் படம் பேனராகத் தெருமுனையில் நின்றது. அவள் ஒரு வாரம் வாசலுக்குக் கோலம் போடவே வரவில்லை. அந்த அரிசியை நாங்கள் தின்றோம், அதை மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்த முனையைக் கடக்கும்போது அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். கொட்டகையில் அந்த அம்மா "எடுத்துடு சாமி" என்றபோது உன் அண்ணி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, "உங்க அண்ணன்கிட்ட காசு கேட்டாக்கூட வெக்கமா இருக்காது" என்றாள். அதற்குமேல் நான் அவரோடு வயலினைப் பற்றிச் சண்டை போடவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உன் அப்பா திருவொற்றியூர்க் கோயிலில் நாகஸ்வரம் வாசித்ததை, சிங்கப்பூரிலிருந்து உன் மாமா கொண்டுவந்த ஸ்பூல் ரெக்கார்டரில் எடுத்தார்களே, அந்த டேப்புகள் உன் பரணில் இருக்கின்றனவா? மாசித் திருவிழாவில் சுவாமி புறப்படும்போது அவர் வாசித்த மல்லாரி. மகிழ மரத்தடியில் நடக்கும் மகிழடி சேவை அன்றைக்கு விடிய விடிய வாசித்தது. வடிவுடையம்மன் சந்நிதியில் சுத்த சாவேரி ராகத்தில் ஒரு கீர்த்தனை. தியாகராஜர் அந்த அம்மன்மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளில் அதுவும் ஒன்று என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. பிரகாரத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தோம். தெரிந்திருந்தால் ஒரு நிமிஷமாவது நின்று கேட்டிருப்போம். திருவொற்றியூரில் வாசித்தவர்களைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. உன் அப்பாவின் பெயரை அவர்தான் முதலில் சொன்னார், நான் சொல்லவில்லை.

அவருக்குத் தெய்வம் ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றி 1940இல் படம் வெளியிட்டாரே, அவர். ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் சுற்றி, உலகத்தில் யார் யாரோ எடுத்துப் பெட்டியில் வைத்திருந்த பிலிமை 50,000 அடி சேர்த்தவர். "அவரு புதுசா எடுத்ததைவிட, கதவைத் தட்டிக் கேட்டு வாங்கினதுதான் பெருசு" என்பார் அண்ணன். நான் இப்போது உன் கதவைத் தட்டுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லச் சொன்னார். உனக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம். தந்தால், டிஜிட்டலுக்கு மாற்றி, மூல டேப்பும் ஒரு பிரதியும் உன் கைக்குத் திரும்பி வரும். படத்தில் எது வரலாம், எது வரக்கூடாது என்பது உன் முடிவு. உன் அப்பா கடைசிக் காலத்தில் வாத்தியத்தை அடகு வைத்ததைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீயாகச் சொன்னால் ஒழிய அது வெளியே வராது.

டேப் கிடைத்தால் பழைய மெஷினில் போட்டுப் பார்க்காதே. ஆசை வரும், எனக்குத் தெரியும். பழைய டேப் மொறுமொறுவென்று ஒடிந்துவிடும். டப்பாவைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தால் டேப் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், உடனே போன் செய். வெயில் படாமல், ஸ்பீக்கர் பக்கம் வைக்காமல், டப்பாவை நிற்க வைத்து அடுக்கு. கூரியரில் போடாதே. உன் பையன் தீபாவளிக்கு வரும்போது கையில் கொடுத்தனுப்பு, நான் சென்ட்ரலுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன். எந்த வண்டி, எந்தக் கோச் என்று மட்டும் எழுது.

உன்,
பழைய பெஞ்சு நண்பன்.