ஹேமரின் பண்ணையையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில், போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஃபேனி லூ ஹேமருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: சிறையில் கொடூரமாக அடிக்கப்பட்டவர். உண்மைதான். 1963 ஜூனில் மிசிசிப்பி மாநிலம் வினோனாவில், காவலர்களின் உத்தரவுப்படி கறுப்பினக் கைதிகள் இருவரே அவரை மாறி மாறி அடித்தார்கள். சிறுநீரகத்திலும் கண்ணிலும் ஏற்பட்ட பாதிப்பு கடைசிவரை போகவில்லை. ஆனால் அடி வாங்கியவர் என்பதோடு நிறுத்திக்கொண்டால் அந்த அம்மாவை நாம் பாதிதான் பார்க்கிறோம்.

இருபது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். விளைச்சலைப் பங்கிட்டு வாரத்துக்குப் பயிரிடும் குடும்பம் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனார். கறுப்பினத்தவரும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற செய்தியே 1962இல்தான், 44 வயதில்தான், அவர் காதுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று ஹேமர் உட்பட 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலா என்ற ஊருக்குப் பதிவு செய்யப் போனார்கள். அங்கே அவர்களுக்குத் தேர்வு வைத்தார்கள். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை எழுதி, அதற்கு விளக்கமும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் நாளைப் பற்றிக் குதிரைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அந்தச் சட்டத்தைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று ஹேமர் பிற்பாடு சொன்னார். தேறவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் நிறம் தவறாம்! அபராதத்தை எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள். வீடு வந்தால் பண்ணை முதலாளி நிற்கிறார்: பதிவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியேறு. “உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன்” என்றார் ஹேமர். 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையை விட்டு அன்றிரவே வெளியேறினார். பத்து நாள் கழித்து, அவரைக் குறிவைத்து, அவருக்கு அடைக்கலம் தந்த வீட்டின்மீது 16 குண்டுகள் பாய்ந்தன. அப்புறமும் அவர் விடவில்லை. மறுபடி தேர்வு எழுதி 1963 ஜனவரியில் தேறினார். 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், தான் பட்டதையெல்லாம் சொல்லி அவர் தந்த வாக்குமூலம் எல்லோரும் அறிந்தது. அது நேரலையில் மக்களிடம் போகாமலிருக்க அதிபர் ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். ஆனாலும் அன்றிரவே தொலைக்காட்சிகள் ஹேமர் பேசியதை ஒளிபரப்பிவிட்டன.

கட்டுரை தொடாமல் விட்டது இதற்குப் பிந்தைய பகுதியை. பதிவு செய்யப் போன ஒரே காரணத்துக்காக வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோகும் என்றால், சட்டம் தந்த வாக்குரிமையை வைத்துக்கொண்டு ஓர் ஏழை என்ன செய்வார்? பட்ட ஒருவருக்குத்தான் இது இவ்வளவு தெளிவாகத் தெரியும். 1969இல் சன்ஃப்ளவர் வட்டாரத்தில் 40 ஏக்கரில் கூட்டுறவுப் பண்ணை ஒன்றை ஹேமர் தொடங்கினார். ‘பன்றி வங்கி’ என்றும் ஒன்று நடத்தினார். குடும்பங்களுக்கு வளர்க்கப் பன்றி கொடுப்பார்கள். அது ஈனும் குட்டிகளில் சிலவற்றைத் திருப்பித் தந்தால் போதும், அடுத்த குடும்பத்துக்குப் போகும். குளிர்காலத்துக்கென்று கீரையும் சூப்பும் 400 ஜாடி சேர்த்து வைத்திருந்தால், உன்னை யாரும் மிரட்ட முடியாது, நீ என்ன பேச வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது என்பார் ஹேமர். எனக்கு அவருடைய மேடைப் பேச்சுகளைவிட இந்தப் பேச்சுதான் பெரிதாகப் படுகிறது.

பணமில்லாமல் 1970களின் நடுவில் அந்தப் பண்ணை கைவிட்டுப் போனது. 1977 மார்ச்சில், 59 வயதில் ஹேமர் காலமானார். அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள் ஐயா, பண்ணையையும் சேர்த்து. அவருடைய ஊரான ரூல்வில்லில் அவரை அடக்கம் செய்ததும் அந்தக் கூட்டுறவு வாங்கிய நிலத்தில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவாரூர்