வெறும் வயிறு யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், டாக்டரைப் பார்க்கப் போகும் முன் செய்ய வேண்டியவை என்று ஒரு கட்டுரை. அதில் ஒரு வரி: “அன்று காலை மாத்திரை எதுவும் போடாமல், வெறும் வயிற்றில் செல்வது நல்லது.” எந்த மாத்திரை, எந்தப் பரிசோதனை என்று ஒரு சொல் கிடையாது. அச்சில் வந்ததை அப்படியே நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. முப்பது வருடம் ரத்தம் எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பிரஷர் மாத்திரையை டாக்டரே நிறுத்தச் சொன்னாலொழிய, வழக்கமான நேரத்தில் தண்ணீரோடு போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். அதை விட்டுவிட்டு, மாடி ஏறிய மூச்சு அடங்கும் முன்பே சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அளந்தால் அளவு கூடத்தான் காட்டும். அதை நம்பி டோஸ் கூடும். மறுநாள் முதல் பழையதும் புதியதும் சேர்ந்து பிரஷரை அளவுக்கு மேல் இறக்கும். விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்தால், வீட்டில் ‘வயசாச்சு’ என்பார்கள். பிரஷர் அளக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. இதை எழுத உங்கள் பக்கத்தில் இடமில்லை. ஸ்டெதாஸ்கோப் படத்துக்கு மட்டும் அரைப் பக்கம்!

சர்க்கரை மாத்திரை விஷயம் வேறு. பாஸ்டிங், அதாவது வெறும் வயிற்றுச் சர்க்கரை, பார்க்க எட்டு மணி நேரம் பட்டினி போதும், தண்ணீர் குடிக்கலாம். ரத்தம் கொடுத்த பிறகு டிபனோடு மாத்திரை. சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரைக்கு இரண்டு மணி நேரக் கணக்கு முதல் வாய் இட்லியில் தொடங்குகிறது, கை கழுவியதிலிருந்து அல்ல. வழக்கமாக ஐந்து இட்லி சாப்பிடுகிறவர் அன்று மட்டும் இரண்டோடு எழுந்தால் ரிப்போர்ட் அழகாக வரும். ஆனால் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். அதற்குப் பட்டினியே வேண்டாம். தைராய்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை, அதன்பின் அரை மணியாவது கழித்துத்தான் காபி. முதல் நாள் இரவு இன்சுலின் போட்டவரோ கிளிமிபிரைட் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவரோ டோக்கனுக்காகப் பகல் பன்னிரண்டு மணி வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தால், வேர்த்து, கை நடுங்கி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க ஓட வேண்டியிருக்கும். இந்த நிலைமைக்குத்தான் உங்கள் வரி ‘நல்லது’ என்கிறது.

‘மருந்துகளை எடுத்துச் செல்லுங்கள்’ என்றும் எழுதியிருக்கிறார்கள், சந்தோஷம். எப்படி? மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்த நாலு மாத்திரையில் பெயரின் கடைசி மூன்று எழுத்துதான் மிஞ்சும். முழு அட்டையாக, இல்லாவிட்டால் பெயரும் மில்லிகிராமும் நேரமும் எழுதிய ஒரு தாளாக இருக்க வேண்டும். முட்டிவலிக்குத் தானே வாங்கிப் போடும் டைக்ளோபினாக்கும் அதில் வர வேண்டும். பிரஷரை ஏற்றுவதும் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் பல சமயம் அதுதான். இரண்டு டாக்டர்கள் எழுதிய இரண்டு பெயருக்குள் ஒரே மருந்து இருப்பதும் அப்போதுதான் தெரியும். மருந்தின் மூலப்பெயரை (கம்பெனிப் பெயரை அல்ல) புரியும்படி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுதும்படி 2016-இலேயே மருத்துவக் கவுன்சில் விதி திருத்தியது. அதைப் பற்றி ஒரு துணுக்காவது போட்டீர்களா?

போட்டதெல்லாம் அதே பக்கத்தின் அடியில், சர்க்கரையை ‘வேரோடு ஒழிக்கும்’ பொடி விளம்பரம். நீரிழிவு, ரத்த அழுத்தம் இரண்டையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆசிரியர் பொறுப்பில் இருப்பவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் இரண்டு வரி: பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம், எந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு என்று லேபில் முன்கூட்டியே கேளுங்கள். போன முறை நான் அனுப்பிய திருத்தத்தைக் குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே போட்டிருந்தீர்கள். இந்த முறை அங்கே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருநெல்வேலி