பூட்டிய கேட்டைக் காட்டவா பதினாலாயிரம் ரூபாய்?

பெறுநர்: மேலாளர், ஒருநாள் சுற்றுலாப் பிரிவு
பொருள்: மாமல்லபுரம் சுற்றுலாவில் காட்டாத இடங்களுக்கும் நடக்காத சர்ஃபிங்குக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் பஸ்ஸில் 14 முதல் 19 வரையிலான சீட்டுகளில் வந்த குடும்பம் நாங்கள். நான், என் மனைவி, பதினோரு வயது மகள், எழுபத்து நாலு வயது அப்பா, அரையாண்டு லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அக்கா, பன்னிரண்டாவது படிக்கும் அக்கா பையன். பெரியவர்கள் ஐந்து பேருக்குத் தலைக்கு 1,950, மகளுக்கு 1,450, எனக்கும் அக்கா பையனுக்கும் சர்ஃபிங் பயிற்சிக்குத் தனியாகத் தலைக்கு 1,500. மொத்தம் 14,200 ரூபாய், முன்பணமாகவே கட்டியாயிற்று. அன்று ராத்திரியே உங்கள் வாட்ஸப் எண்ணுக்குப் புகார் அனுப்பினேன். மறுநாள் மதியம் ஒரே வரியில் பதில் வந்தது: "இயற்கைக் காரணங்களால் ஏற்படும் மாற்றங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல." அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கடல் கொந்தளித்தது இயற்கைதான், ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை வந்தது எந்த இயற்கைச் சீற்றத்தில் சேர்த்தி?

காலை ஐந்தரைக்கு அசோக் பில்லரில் நிற்கச் சொன்னீர்கள். பெரம்பூரிலிருந்து நாலரைக்கே கிளம்பி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நின்றோம். பஸ் வந்தது ஆறு ஐம்பதுக்கு. சரி, சென்னையில் பஸ் லேட்டாக வருவதற்கெல்லாம் புகார் எழுத ஆரம்பித்தால் வேறு வேலை பார்க்க முடியாது, அதை விடுகிறேன்.

கோவளம் போய்ச் சேர மணி எட்டைத் தாண்டிவிட்டது. உங்கள் விளம்பரத்தில் கோவளத்தைப் பற்றிப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள், சுத்தமான கடற்கரைகளுக்குத் தருகிற நீலக்கொடிச் சான்றை 2021-இல் வாங்கிய கடற்கரை, பக்கத்து மாமல்லபுரத்தில் உலகப் போட்டியெல்லாம் நடந்தது என்று. நடந்தது உண்மை. 2023-இல் சர்வதேச சர்ஃபிங் போட்டி, 2025-இல் ஆசிய சாம்பியன்ஷிப். ஆனால் இரண்டுமே ஆகஸ்ட் மாதத்தில் நடந்தவை. ஏன் ஆகஸ்டில் வைத்தார்கள் என்று உங்கள் ஆபீசில் யாராவது யோசித்தீர்களா? நீங்கள் அதையே மார்கழியில், வாடைக்காற்று அடிக்கிற நாளில், தண்ணீரில் கால் வைத்தே பழகாதவர்களுக்கு "முதல் நாளே பலகையில் நிற்கலாம்" என்று விற்றிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்று எழுதியிருந்தது. பதினோரு பேருக்கு ஒரே ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான், பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது இருக்கலாம். பலகைகளை மணலில் வரிசையாகப் போட்டு வைத்திருந்தான். அதில் இரண்டு பலகைகளில் காலில் கட்டிக்கொள்ளும் கயிறே இல்லை. கயிறு இல்லாமல் விழுந்தால் பலகை ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான். கற்றுக்கொள்ள வந்தவனுக்கு அந்தப் பலகைதான் கடலில் பிடிமானம்.

அவன் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக் கடலையே பார்த்தான். அப்புறம் என்னிடம் வந்து, "அண்ணா, இன்னைக்கு வேணாம்ணா. அலை ஒழுங்கா உடைய மாட்டேங்குது, உள்ள இழுக்குது. எறக்கி விட்டா நான்தான் பதில் சொல்லணும்" என்றான். அந்தப் பிள்ளை மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, அன்றைக்கு எங்களிடம் உண்மை பேசிய முதல் ஆள் அவன்தான். தயவுசெய்து இந்தக் கடிதத்தைக் காட்டி அவன் கூலியில் கை வைத்துவிடாதீர்கள். மணலில் படுக்க வைத்து, கையால் எப்படித் துழாவுவது, எப்படி ஒரே உந்தில் எழுந்து நிற்பது என்று கால் மணி நேரம் காட்டினான். உங்கள் கைடு பலகையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துத் தந்தார். அந்தப் போட்டோ ஒவ்வொன்றும் 1,500 ரூபாய். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட ஒரு படம் அந்த விலை ஆகவில்லை.

அங்கிருந்து தட்சிணசித்ரா. அதற்காகவே அப்பா வந்தார். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று பழைய வீடுகளை அங்கங்கேயிருந்து பிரித்துக் கொண்டுவந்து முட்டுக்காட்டில் மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள், 1996-இல் திறந்தது. தூண், திண்ணை, முற்றம் எல்லாவற்றோடும் ஒரு செட்டிநாட்டு வீடு இருக்கிறது. அப்பா சின்ன வயதில் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் கணக்கெழுதியவர், அந்த மாதிரித் திண்ணையில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் கோவளத்திலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றது. கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எழுந்துகூட வரவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே "செவ்வாய்க்கிழமை லீவு சார்" என்றார். இந்த வாரம் மட்டுமா என்று உங்கள் கைடு கேட்டார். "எப்பவுமே செவ்வாய்க்கிழமை லீவுதான் சார்."

ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், சுற்றுலா நடத்துகிற கம்பெனிக்கு, தட்சிணசித்ராவுக்கு வார விடுமுறை செவ்வாய் என்று தெரியாதா? ஒரு போன் போட்டால் முடிகிற வேலை. செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் விற்று, அந்தச் செவ்வாய்க்கிழமையே பஸ்ஸை ஓட்டிவந்து கேட்டுக்கு முன்னால் நிறுத்துவது என்றால், இதற்கு முன் எத்தனை செவ்வாய்க்கிழமை இப்படி நின்றிருக்கும்? அப்பா பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகச் சுற்றுச்சுவரைப் பார்த்தார், அவ்வளவுதான்.

புலிக்குகைக்கு நீங்கள் நிறுத்தக்கூட இல்லை. சாளுவன்குப்பம் பக்கம் பஸ் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கைடு மைக்கில், "லெஃப்ட் சைடு பாருங்க, புலிக்குகை" என்றார். லெஃப்ட் சைடில் தெரிந்தது ஒரு டீக்கடை, அதன் பின்னால் சவுக்குத் தோப்பு. இத்தனைக்கும் அது குகையும் இல்லை, அதில் இருப்பது புலியும் இல்லை, பாறையைச் சுற்றிச் செதுக்கியிருப்பது யாளித் தலைகள். சுனாமிக்கு அப்புறம் தோண்டியபோது வெளிப்பட்ட பழைய செங்கல் முருகன் கோயிலும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. இதையெல்லாம் அப்பாதான் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார், கைடு பாட்டுப் போட்டுவிட்டார்.

மாமல்லபுரத்தில் இறங்கும்போதே பஸ்ஸில் நுழைவுச் சீட்டு என்று தலைக்கு நூறு ரூபாய் வசூலித்தீர்கள். எல்லா நுழைவுக் கட்டணமும் உட்பட என்று உங்கள் ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது, அது என் கையில் இருக்கிறது. போகட்டும், அங்கே சீட்டு விலை என்ன? நம் நாட்டுக்காரர்களுக்கு 40 ரூபாய், ஒரே சீட்டில் ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும் பார்க்கலாம். பதினைந்து வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம். என் பதினோரு வயது மகளுக்கு நூறு ரூபாய் எந்தக் கணக்கில் வாங்கினீர்கள்?

ஐந்து ரதத்தில் கைடு சொன்ன கதைப்படி பாண்டவர்கள் வனவாசத்தில் வந்து இங்கே தங்கினார்களாம். ரதங்களுக்குப் பாண்டவர் பெயரெல்லாம் பின்னாளில் ஊர் வைத்தது. உண்மையில் காட்டிச் சொல்ல அங்கே எவ்வளவோ இருக்கிறது. நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள், அதன் பக்கத்திலேயே அதே பாறைக் கூட்டத்தில் ஒரு முழு யானையையும் செதுக்கி நிறுத்தியிருக்கிறான் சிற்பி. இரண்டையும் ஒருசேரப் பார் என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி. அந்த யானைக்கு முன்னால் நின்று கைடு சொன்ன ஒரே விஷயம், "இங்க செல்ஃபி நல்லா வரும்." கடற்கரைக் கோயிலில் அதைவிட மோசம், ராஜராஜ சோழன் கட்டியது என்று மைக்கில் அறிவித்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, இது பல்லவ ராஜசிம்மன் கட்டினது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலும் அவன் கட்டினதுதான். ராஜராஜன் பட்டத்துக்கு வர்றதுக்கு இன்னும் இருநூத்தம்பது வருஷத்துக்கு மேல இருக்கு" என்றார். கைடு சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேருமே ராஜாதானே ஐயா" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் கைதட்டினார்கள், அது வேறு கதை.

என் கோபம் நிஜமாக ஏறிய இடம் அர்ச்சுனன் தபசு. கிட்டத்தட்ட முப்பது மீட்டர் அகலத்துக்குப் பாறை முழுக்க தேவர்களும் நாகர்களும் யானைகளும். அதில் பெரிய யானைக்கு முன்னால் ஒரு பூனை பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும், அதன் காலடியில் எலிகள் நிற்கும். அதே பாறையில் செதுக்கியிருக்கும் தவசியைக் கிண்டல் செய்கிற பூனை. இதைச் சொல்லித்தான் மகளைக் காலை நாலு மணிக்கு எழுப்பினேன். கூட்டத்தில் முண்டி முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வந்தாள், பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மானைக் கண்டுபிடித்தாள், குட்டி யானைகளை எண்ணினாள், கடைசியில் "அப்பா, பூனை!" என்று கத்தின அதே நேரத்தில் உங்கள் ஆள் விசில் ஊதினார். அங்கே நாங்கள் நின்றது பன்னிரண்டு நிமிடம். முதல் போட்டோவுக்கும் கடைசிப் போட்டோவுக்கும் நேரம் பதிந்திருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

எதற்கு விசில்? சிற்பக் கடைக்குப் போக. அந்தக் கடையில் எங்களை நிறுத்தியது ஐம்பத்தைந்து நிமிடம், அதற்கும் போட்டோ இருக்கிறது. மாமல்லபுரம் கல் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஊரில் 1957 முதல் சிற்பக் கல்லூரி இருக்கிறது, தெருவோரப் பட்டறைகளில் உடம்பெல்லாம் கல் தூள் படிய உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். அப்படி ஒரு பட்டறை வாசலில் நிறுத்தியிருந்தால் ஒரு மணி நேரம்கூட நின்றிருப்போம். நீங்கள் கூட்டிப்போனது ஏசி போட்ட ஷோரூம். அங்கே கையில் எடுத்துப் பார்த்த பிள்ளையார் அச்சில் வார்த்தது, அடியில் ஒட்டுக்கோடு தெரிந்தது. 2,800 ரூபாய் சொன்னார்கள். அப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, பில் போடுகிற இடத்தில் இருக்கிறது என்று கை காட்டினார்கள்.

கடைசியாக நாட்டிய விழா. உங்கள் விளம்பரத்தில் முதல் படமே அதுதான், கோயில் பின்னணியில் ஒரு பெண் ஆடுகிற படம். அக்கா பத்தாவது வரை பரதம் கற்றவள், கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுப்போனது. ஒரு தடவை இந்த விழாவைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் பயண நாளையே மாற்றிப்போட்டு வந்தாள். விழா சாயந்திரம்தான் தொடங்கும், இருட்டின பிறகுதான் களைகட்டும். உங்கள் பஸ் கிளம்பிய நேரம் 4.45. மேடையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள், யாரோ மிருதங்கத்தைத் தட்டிச் சுதி பார்க்கும் சத்தம் ரோடு வரை கேட்டது. அக்கா போய், "இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போகலாமே" என்று கேட்டதற்கு கைடு, "மேடையைப் பாத்துட்டீங்கல்ல மேடம்" என்றார். நான் ஜோக் எழுதவில்லை, அப்படியே சொன்னார்.

உங்கள் டிரைவர் நல்ல மனிதர். ஒவ்வொரு இடத்திலும் அப்பா இறங்குவதற்கு ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக் கை கொடுத்தார். அதையும் எழுத வேண்டும்.

இப்போது கணக்கு. சர்ஃபிங் நீங்கலாக ஆறு இடம் சொன்னீர்கள், அதில் தட்சிணசித்ரா, புலிக்குகை, நாட்டிய விழா மூன்றையும் காட்டவில்லை. கட்டணம் 11,200-இல் பாதி 5,600. நடக்காத சர்ஃபிங்குக்கு 3,000. பஸ்ஸில் வசூலித்த 600. ஆக மொத்தம் 9,200 ரூபாய். அர்ச்சுனன் தபசில் போன நேரத்துக்கும் ராஜராஜ சோழனுக்கும் நான் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் நான் பணம் அனுப்பிய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன், அப்புறம் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இவ்வளவு சின்னத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே போடலாம். ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸப் பதில், நேரம் பதிந்த 63 போட்டோக்கள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் பூட்டிய கேட் மட்டும் நாலு கோணத்தில் இருக்கிறது.

இன்னொன்று. அடுத்த வாரமும் செவ்வாய்க்கிழமைப் பயணத்துக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள், இன்று காலை உங்கள் பக்கத்தில் பார்த்தேன். அதில் தட்சிணசித்ரா இன்னும் இருக்கிறது. எனக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால் முதலில் அதை எடுங்கள்.

இப்படிக்கு,
14 முதல் 19 வரையிலான சீட்டுக்காரர்,
பெரம்பூர், சென்னை