கேள்விகளை எண்ணினால் ஃபெரோஸ் காந்தி ஃபெயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் நம் எம்.பி.க்களின் வருகைப் பதிவையும் அவரவர் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையையும் அட்டவணையாகப் போட்டிருந்தீர்கள். அதன் பின்னால் உள்ள உழைப்பு தெரிகிறது. ஆனால் பார்த்து முடித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்தக் கணக்குப்படி 1950-களில் எம்.பி.யாக இருந்த ஃபெரோஸ் காந்தி ஃபெயில்.

நான் எல்.ஐ.சி. ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பாவுக்கும் அதே தொழில்தான். அவர் ஒரு தனியார் கம்பெனிக்குப் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தார். 1956-இல் காப்பீட்டுத் துறையை அரசு எடுத்துக்கொண்டபோது 245 நிறுவனங்களில் ஒன்றாக அதுவும் எல்.ஐ.சி.க்குள் போயிற்று. அறுவடை முடிந்து நெல் போட்ட கையோடு போனால்தான் பிரீமியம் கிடைக்கும் என்று ஊர் ஊராக சைக்கிளில் போவார். பத்திரத்தை ஜனங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்கும் கீழே வைத்திருப்பார்கள். 'கவர்ன்மென்ட் கம்பெனி ஆயிடுச்சு, இனிமே பயம் இல்லை' என்று சொல்லி அவர் பிடித்த பாலிசிகள் ஏராளம். மறு வருடமே அந்த எல்.ஐ.சி. பணத்தில் முந்த்ரா விவகாரம். அதனால் எங்கள் வீட்டில் இந்தக் கதை ராமாயணம் மாதிரி அடிக்கடி ஓடும்.

ஃபெரோஸ் காந்தி 1952-இல் ரேபரேலியிலிருந்து மக்களவைக்குப் போனவர். நேருவின் மாப்பிள்ளை. முதல் மூன்று வருடம் அவையில் பேர் சொல்லும்படி எதுவும் பேசவில்லை. 1955 டிசம்பரில் இன்ஷூரன்ஸ் மசோதா வந்தபோதுதான் எழுந்து, டால்மியா குழுமம் பாலிசிதாரர்களின் பணத்தை எப்படித் தன் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பியது என்று கணக்கு கணக்காக அடுக்கினார். சில வாரங்களில் ஆயுள் காப்பீடு முழுவதும் அரசு கைக்கு வந்தது. அந்த ஒரு பேச்சால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய பேச்சுக்குப் பிறகு வேண்டாம் என்று வாதாடுவது கஷ்டமாகிவிட்டது.

அடுத்தது 1957. அந்த வருடம் ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்சன் க்ரூடாஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், இப்படி. எல்.ஐ.சி.க்கென்று ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதைக் கேட்கவே இல்லை. அவையில் கேள்வி எழுந்தது. செப்டம்பரில் ஒரு பதில், நவம்பரில் ஒரு பதில், இரண்டுமே பிடிகொடுக்காத பதில்கள். இன்றைய எம்.பி.யாக இருந்தால் கேள்வி கேட்டதாகக் கணக்கில் ஏறிவிட்டது, அப்புறம் என்ன என்று போயிருப்பார்.

ஃபெரோஸ் போகவில்லை. பங்குச் சந்தை விலைப்பட்டியலை எடுத்து நாள்வாரியாக உட்கார்ந்து பார்த்தார். எல்.ஐ.சி. வாங்குவதற்கு முந்தைய சில நாட்களில் அந்தப் பங்குகளின் விலை ஏறியிருக்கிறது. வாங்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே யாருக்குத் தெரிந்தது? அந்த ஏறிய விலையை ஏன் கொடுத்தார்கள்? டிசம்பர் 16-ஆம் தேதி இதை வைத்துக்கொண்டுதான் அவையில் நின்றார். இவ்வளவு பெரிய காரியத்தில் வாய்மூடி இருப்பதே குற்றம் என்று தொடங்கிய அந்தப் பேச்சில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்தத் தொடக்கத்தைத்தான். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த விலைப்பட்டியல். மற்றதைப் பேச்சாளர் யார் வேண்டுமானாலும் பேசிவிடுவார்.

பாருங்கள், எதிரே உட்கார்ந்திருந்தது சொந்தக் கட்சி அரசு. பிரதமர் மாமனார். நிதியமைச்சர் நம் ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சென்னையிலிருந்து போனவர். நேரு விசாரணைக்கு ஒப்புக்கொண்டு பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை நியமித்தார். விசாரணை பம்பாயில் கதவைத் திறந்து வைத்து நடந்தது. கூட்டம் உள்ளே கொள்ளாமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்களாம். பங்கு விலையைக் கேட்க ஒலிபெருக்கி! சொற்ப வாரங்களில் அறிக்கை வந்துவிட்டது. செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சர்தான் பொறுப்பு, எனக்குத் தெரியாது என்று ஒதுங்க முடியாது என்றார் சாக்ளா. பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். பட்ஜெட்டுக்கு நாள் நெருங்கிவிட்டதால் அந்த வருடப் பட்ஜெட்டை நேருவே படிக்கவேண்டி வந்தது.

டி.டி.கே. மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரத்தில் அவர் தன் பைக்குள் காசு போட்டுக்கொண்டார் என்று யாரும் சொன்னதில்லை. பிறகு திரும்பவும் அமைச்சராகி, 1963-இல் மறுபடி நிதியையே கவனித்தார். வேடிக்கை என்னவென்றால், அப்போது பழி விழுந்த நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேல் 1977-இல் ஜனதா ஆட்சியில் தானே நிதியமைச்சராக வந்து உட்கார்ந்தார். ஆக, அந்த விவாதத்தால் இந்த இருவர் குடியும் முழுகிவிடவில்லை. பாலிசிதாரர் பணத்தை எடுத்துக் கொடுத்தால் அவையில் நின்று பதில் சொல்லவேண்டும் என்று மட்டும் ஆயிற்று.

உங்களுக்கு நேரடியாக வேண்டிய ஒரு விஷயம். அவையில் பேசும் உறுப்பினர் மேல் அவதூறு வழக்கு போட முடியாது. ஆனால் அதை அச்சிடும் பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு அப்போது சட்டத்தில் இல்லை. ஃபெரோஸ் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்து 1956-இல் அதைச் சட்டமாக்கினார். முந்த்ரா விவாதம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. நெருக்கடி நிலையின்போது 1976-இல் அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசே அதை நீக்கியது. 1977-இல் ஜனதா ஆட்சியில் திரும்ப வந்தது. மறு வருடம் 361ஏ என்று அரசியல் சட்டத்துக்குள்ளேயே ஏறி, சட்டமன்றப் பேச்சுக்கும் சேர்த்து அமைந்தது. நீங்கள் கோட்டைச் செய்தியைத் தைரியமாகப் போடுகிறீர்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. உங்கள் அட்டவணையில் இதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவீர்கள்?

இன்று மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230. வார்த்தை மாறாமல் ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்பதும், பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே பதில் வருவதும் சாதாரணம். பத்துப் பேருக்கும் எண்ணிக்கையில் ஒன்று கூடும். ஆனால் 2023 மார்ச் 23-ஆம் தேதி சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் நிறைவேறின. ஒரு பக்கம் அதானி விவகாரத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டு முழக்கம், இன்னொரு பக்கம் ராகுல் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஆளுங்கட்சியே முழக்கம். யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். அன்று அவையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் வருகைப் பதிவு சரியாகத்தான் இருக்கும்.

கணக்கு கேட்பது எதிர்க்கட்சியின் வேலை என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 1967 முதல், அரசுச் செலவை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது மரபு, சரி. அதே குழுவில் இருக்கும் ஆளுங்கட்சிக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? தணிக்கை அறிக்கை அவர்கள் மேஜைக்கும் வருகிறது அல்லவா? பாலிசி கட்டியவர் எந்தக் கட்சி என்று பார்த்தா அப்பா பிரீமியம் வாங்கினார்?

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அட்டவணை போடும்போது கடைசியில் ஒரு கட்டம் கூடுதலாக விடுங்கள்: கேட்ட கேள்விகளில், மழுப்பலான பதில் வந்த பிறகும் விடாமல் துரத்திய ஒன்றாவது உண்டா, என்ன அது? நம் மாவட்ட எம்.பி.யிலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலான கட்டங்கள் காலியாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். காலியாகவே அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர்,
மன்னார்குடி