ஆஸ்பத்திரிக் கணினித் துறைக்கு நம் பிள்ளைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கங்களிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, படிப்பு உதவித்தொகை, நூலகம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய ஒரு வேலையைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் வட்டாரத்தில் நர்சிங், பார்மசி, லேப் படித்த பிள்ளைகள் நிறைய. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டுச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போகிறவர்களும் நிறைய. இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் அமைப்பது, நோயாளிப் பதிவுகளைக் காப்பது, இன்சூரன்ஸ் பில் தயாரிப்பது என்று அந்தத் துறை விரிந்துகொண்டே போகிறது. அதற்குள் நுழைகிற வழியைக் காட்டத்தான் நூலகத்தில் ஞாயிறு வகுப்பு ஆரம்பித்தோம்.

முதல் வகுப்பை நடத்தியவர் நம்மூர்ப் பெண். கோவையில் வார்டு நர்சாக இருந்தவர், இப்போது ஆஸ்பத்திரிகளில் மென்பொருளை அமைத்து ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் குழுவில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்ன ஒரு சம்பவத்தை அப்படியே பதிவு செய்கிறேன். ஓர் ஆஸ்பத்திரியில் ஓ.பி. பதிவுத் திரையில் ரத்த அழுத்தத்தைக் கட்டாயமாக நிரப்ப வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். நிரப்பாவிட்டால் டாக்டருக்கு டோக்கன் போகாது. காலை நேரக் கூட்டத்தில் அளக்க நேரமில்லை. வந்தவர்களுக்கெல்லாம் 120/80 என்று ஏற ஆரம்பித்தது. ப்ரோக்ராம் எழுதியவர் பார்வைக்கு எந்தப் பிழையும் இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவு வர வாய்ப்பே இல்லை என்று பார்த்தவுடன் பிடித்தவர் இந்தப் பெண்தான். அளவு எடுக்கும் வேலையை டாக்டர் அறைக்கு வெளியே இருக்கும் நர்ஸ் மேசைக்கு மாற்றச் சொன்னார். அப்புறம்தான் உண்மையான எண்கள் வந்தன.

வார்டில் நின்ற அனுபவம் இந்தத் துறையில் பெரிய மூலதனம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் தயங்கி நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேரள-தமிழ்நாடு எல்லையில் வாழ்கிற நமக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. காய்ச்சலுக்குச் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரி, ஆபரேஷனுக்குக் கோவை, அப்புறம் மறுபடி பாலக்காடு என்று அலைகிறோம். ஓரிடத்துச் சீட்டு இன்னோரிடத்தில் இருக்காது. போதாததற்குப் பெயர்க் குழப்பம். ஓரிடத்தில் சின்னச்சாமி, இன்னோரிடத்தில் சின்னசுவாமி. இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ஒரு சின்னச்சாமியிடம் இருக்கும், மருந்துச் சீட்டு இன்னொருவருக்குப் போகும். இதைத் தீர்க்கத்தான் மத்திய அரசு 2021 செப்டம்பரில் நாடு முழுக்க ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனைத் தொடங்கி, ஆபா என்ற 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணைக் கொடுக்கிறது. பதிவுகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்குத் தரம் வகுக்கும் எச்.எல்.7 அமைப்பின் எஃப்.எச்.ஐ.ஆர். என்ற பொது வடிவம் பயன்படுகிறது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள், சேமித்த தகவலைத் தேடி எடுக்கும் கணினி மொழியான எஸ்.கியூ.எல்.லோடு இதையும் கற்றுக்கொள்ள வேண்டும். பழகிப் பார்க்க ஓபன் எம்.ஆர்.எஸ்., பாம்னி போன்ற ஆஸ்பத்திரி மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்து, மெடிக்கல் கோடிங். பெற்றோர் அதிகமாகக் கேட்டது இதைத்தான். நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை அது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் மரத்திலிருந்து விழுந்தால் டபிள்யூ14. தென்னை ஏறுகிறவர்கள் இருக்கிற நம்மூருக்குப் பழக்கமான விபத்துதான். நம் நாட்டில் இந்த வேலை பெரும்பாலும் அமெரிக்க இன்சூரன்ஸ் பில்களுக்காக நடக்கிறது. அதற்கான சி.பி.சி. என்ற கோடிங் சான்றிதழ்த் தேர்வு 100 கேள்விகள், நான்கு மணி நேரம், தேற 70 சதவீதம். தேறினாலும், வேலை அனுபவம் இல்லாதவருக்குப் பயிலுநர் என்ற அடையாளத்தோடுதான் சான்றிதழ் வரும். "சேர்ந்தவுடன் வேலை" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் இடங்கள் இதைச் சொல்வதில்லை. நம் உறுப்பினர் ஒருவரின் மகள் அப்படிப் பணம் கட்டி, திரும்ப வாங்க முடியாமல் நிற்கிறாள். எளிய கோடிங்கை இப்போது மென்பொருளே போட ஆரம்பித்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உடற்கூறும் மருந்தும் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதில் நிலைப்பார்கள்.

உடனே வெளியூர் போக முடியாதவர்கள் ஆஸ்பத்திரிப் பதிவறை, இன்சூரன்ஸ் கவுண்டர், லேப் கணினி வேலைகளில் தொடங்கலாம். சம்பளம் குறைவுதான். ஆனால் சீட்டு போடுவதிலிருந்து டிஸ்சார்ஜ் வரை ஆஸ்பத்திரி எப்படி ஓடுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். தமிழ், மலையாளம் இரண்டும் பேசுகிற பிள்ளைகளை அந்தக் கவுண்டர்கள் விரும்பி எடுக்கும். ஒரு கண்டிப்பு: நோயாளியின் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் கூடவே கூடாது. தனிப்பட்ட தகவலைக் காக்க 2023இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு கோரிக்கைகள். ஞாயிறு வகுப்புக்காக நூலகத்துக்கு இரண்டு கணினிகள் வாங்க அனுமதி வேண்டும். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன் அவர்கள் கொடுக்கும் தாளைச் சங்கத்தில் காட்டி விசாரித்துக்கொள்ள, இத்துறையில் வேலை செய்கிற நம்மவர்களை வைத்து ஒரு சிறு குழு அமைக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்